எமது மண்ணின் மரபுரிமைப் பாதை: நல்லூரிலிருந்து ஆனையிறவு வரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவின் மூன்றாம் நாள், இரு நாள் மரபுரிமைச் சுற்றுலா நிறைவுற்ற மறுநாட் காலை, பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடந்த இரண்டு நாட்களும் இரண்டு பஸ்களில் நாம் யாழ்ப்பாணத்தைச் சுற்றி வந்தோம். முறுக்கும் பயற்றம் பணியாரமும் தீர்ந்துவிட்டன. கால்கள் மட்டும் இன்னும் வலிக்கின்றன. வலி பற்றிய முறைப்பாடுகளை விழா முடிந்ததும் கேட்கிறோம். இப்போது, பார்த்தவற்றைக் கொஞ்சம் சேர்த்து வைத்து யோசிப்பதற்காகவே இந்த உரை.

இந்தச் சுற்றுலாவை ஒழுங்கு செய்தபோது எமது குழுவுக்குள் ஒரு வாதம் எழுந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. "ராசாக்கள் காலத்து இடங்களைக் காட்டுவம், கோட்டையைக் காட்டுவம், அதோட நிப்பாட்டுவம். எங்கட காலத்துச் சண்டையைப் பிள்ளையளுக்கு ஏன் கிளறிக் காட்டுவான்?" என்று ஒரு பகுதியினர் கேட்டனர். "நானூறு வருசத்துக்கு முந்தின சண்டை வரலாறு, முப்பது வருசத்துக்கு முந்தினது மட்டும் வரலாறு இல்லையோ?" என்று மறு பகுதியினர் கேட்டனர். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. மருத்துவம் படித்தவர்களாகிய எங்களிடம் இதற்குத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்கப்பட்டது. தீர்ப்பு எங்களிடம் இல்லை. தொழிலில் பழகிய ஒரு முறை மட்டுமே இருந்தது.

வயிற்று நோவென்று வருபவரைச் சோதிக்கும்போது, நோகும் இடத்தில் முதலில் கை வைக்கக்கூடாது என்று மருத்துவ பீடத்தில் எமக்குச் சொல்லித் தந்தார்கள். நோகாத இடத்திலிருந்து தொடங்க வேண்டும். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்ல நோகும் இடத்தை அணுக வேண்டும். ஆனால் அணுகாமல் விட்டுவிடக்கூடாது. நோகிறது என்று தொடாமலே விட்டால் நோய் என்னவென்று தெரியாமலே போய்விடும். எமது பாதையை அந்த முறையிலேயே வகுத்தோம். தூரத்துக் காயத்திலிருந்து தொடங்கினோம்.

முதலாவது நல்லூர். யமுனா ஏரியின் கரையில் நின்றபோது கனடாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி, "இது 'ப' எழுத்து மாதிரி இருக்கே" என்றாள். தமிழ்ப் பாடசாலைக்கு ஞாயிறு தோறும் அவளை ஏற்றி இறக்கிய தாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆம், அந்தக் கேணி 'ப' வடிவிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பருத்தித்துறை வீதியில் சங்கிலியன் தோப்பு வளைவையும் மந்திரிமனையையும் பார்த்தோம். அந்த வளைவு சங்கிலியனுடையது, அந்த மனை மந்திரியுடையது என்பது ஊர் வழக்கு. கட்டடக் கலையோ அவை ஐரோப்பியர் வந்த பின்னைய காலத்துக்குரியவை என்று சொல்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொன்னோம். ஊர் அந்த இடத்தை அவன் பெயரால் நினைவில் வைத்திருக்கிறது என்பதும் உண்மை. அந்தக் கல்லும் சுண்ணாம்பும் பிற்காலத்தவை என்பதும் உண்மை. நோயாளி சொல்வதை ஒரு பக்கத்திலும் இரத்தப் பரிசோதனை சொல்வதை இன்னொரு பக்கத்திலும் எழுதி வைப்பதுபோல இரண்டையும் வைத்திருக்கலாம். ஒன்றுக்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

1619 இல் பிலிப்பே டி ஒலிவேராவின் படை யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியது. கடைசி அரசன் இரண்டாம் சங்கிலி பிடிக்கப்பட்டுக் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623 இல் மரணதண்டனைக்கு உள்ளானான். அரசனைப் பிடித்த பின் நல்லூர்க் கந்தனின் கோயில் இடிக்கப்பட்டது. முத்திரைச்சந்தியில் இன்று தேவாலயம் நிற்கும் இடமே பழைய கோயில் இருந்த இடம் என்பர். நாம் இன்று கும்பிடும் கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், குருக்கள் வளவில் எழுந்தது. இந்த இடத்தில் எமது பஸ்ஸில் ஒரு சின்ன மௌனம் ஏற்பட்டது. எமது சங்கத்தில் சைவர்களும் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். தேவாலயத்துக்குள் போய் நின்றோம். அங்கிருந்து நடந்து கோயிலுக்கும் போனோம். நானூறு வருடப் பழைய காயம் ஆறியிருக்கிறது, தழும்பு இருக்கிறது. தழும்பைத் தடவிப் பார்த்தால் யாரும் துடிப்பதில்லை. காயம் ஆறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எமக்குத் தேவையில்லை.

அடுத்து யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் சதுரமாகக் கட்டிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் ஏறத்தாழ மூன்று மாத முற்றுகையின் பின் கைப்பற்றினர். உள்ளே அடைபட்டவர்களைத் தோற்கடித்ததில் பீரங்கிகளுக்கு இருந்த பங்கு பசிக்கும் நோய்க்கும் இருந்தது. பின்னர் ஒல்லாந்தர் அதை ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டினர். உட்கோட்டை 1680 அளவில் நிறைவு பெற்றது. வெளிக் கட்டுமானங்கள் முடிய 1792 ஆயிற்று. ஐந்து கொத்தளங்களுக்கும் தமது நாட்டு மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். வேலை முடிந்து மூன்றே வருடங்களில், 1795 இல், ஆங்கிலேயர் வந்தபோது சண்டையே இல்லாமல் கோட்டை கைமாறியது. நூறு வருடத்துக்கு மேல் பார்த்துப் பார்த்துக் கட்டிய மதிலுக்கு ஒரு நாள்கூட வேலை வரவில்லை.

அந்த மதிலுக்கு வேலை வந்தது எமது காலத்தில்தான். 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை உள்ளே இராணுவம், வெளியே விடுதலைப் புலிகள். சிலுவை வடிவில் 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் அந்தக் காலப் போரில் அழிந்து இன்று கற்குவியலாகக் கிடக்கிறது. முற்றுகை நடந்த மாதங்களில் பட்டணத்து வீடுகள் எத்தனை தரைமட்டமாயின என்பதை எங்களில் பலர் கணக்கெடுப்புப் பார்க்காமலே சொல்வோம்; எமது வீடுகள் அவற்றுள் இருந்தன. நெதர்லாந்து அரசின் உதவியோடு போருக்குப் பின் மதில்கள் திருத்தப்பட்டன. மாலையில் அங்கே சோடிகளும் குடும்பங்களும் காற்று வாங்குகிறார்கள். அதைப் பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

கொத்தளத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தால் இந்த ஊரின் நூற்றாண்டு முழுவதும் கண்ணில் படும். ஒரு பக்கம் பண்ணைப் பாலம். மறு பக்கம் 1974 ஜனவரி 10 ஆம் திகதி தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் உயிரிழந்தோரின் நினைவுத் தூண்கள். அப்பால் 1981 ஜூன் முதலாம் திகதி இரவோடிரவாக எரிந்த பொது நூலகம். ஏறத்தாழ 97,000 நூல்கள் அதனோடு போயின. வெள்ளைக் கட்டடம் திரும்பவும் எழுந்து நிற்கிறது. அன்று அதன் வாசிப்பறையில் எமது பாடசாலைச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நாம் அவர்களைக் குழப்பவில்லை. எட்ட நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம்.

நூலகத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. அரசாங்க அதிபர் டைக் காலத்தில், 1850 இல், நட்புதவிச் சங்கத்தின் வைத்தியசாலையாகத் தொடங்கியது. மரபுரிமைப் பாதையில் வைத்தியசாலை எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். 1987 ஒக்டோபர் 21 ஆம் திகதி, தீபாவளியன்று, இந்தியப் படையினர் இந்த வளாகத்துக்குள் நுழைந்தனர். அன்றும் மறுநாளுமாக வைத்தியர்கள், தாதியர், ஊழியர், நோயாளர் என ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கொல்லப்பட்ட ஊழியர்களின் படங்களுக்கு முன் விளக்கேற்றிவிட்டு, ஏற்றியவர்கள் திரும்பவும் வாட்டுக்குப் போய்விடுவார்கள். வெளிநோயாளர் வரிசை காத்திருக்கும். எங்களில் சிலர் அங்கேயே பயிற்சி பெற்றோம். அந்தத் தாழ்வாரங்களில் நடந்து பழகிய எமக்கு, போர்க்களம் என்பது ஊருக்கு வெளியே வெட்டவெளியில் மட்டும் இருப்பதில்லை என்பதை யாரும் தனியாகப் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வைத்தியசாலையிலிருந்து சோனகதெருப் பக்கம் போனோம். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். கொண்டுபோக விட்டது கொஞ்சம். எமது வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். மறுநாள் டாப்புக் கூப்பிடும்போது ஆசிரியை அந்தப் பெயர்களில் நின்றார். பிறகு அடுத்த பெயருக்குப் போனார். அந்த மூவரில் ஒருத்தி நேற்று முன்தினம் புத்தளத்திலிருந்து வந்து எம்மோடு பஸ்ஸில் இருந்தாள். தனது வீடு இருந்த ஒழுங்கையைக் காட்டியவள் அவள்தான். நாம் கேட்டுக்கொண்டு நின்றோம். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி நாங்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் புறப்பட்டோம். எமக்கு நேர்ந்ததை மட்டும் காட்டும் பாதை பாதையாகாது, அது வாக்குமூலம். பாதை என்றால் அடுத்தவர் நடந்து போன திசையையும் அது காட்ட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கு மானிப்பாய்க்குப் போனதற்குக் காரணம் உண்டு. காயங்களையே பார்த்துக்கொண்டு போனால் மனம் களைத்துவிடும். காயத்துக்கு மருந்து கட்டிய இடங்களும் மரபுரிமையே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அவர் நடத்திய வகுப்பே இலங்கையின் முதலாவது மேலைத்தேய மருத்துவப் பாடசாலை. ஆங்கிலம் தெரிந்தால்தான் மருத்துவம் என்றிருந்த காலத்தில் அவர் தமிழ் படித்து, தமிழில் கற்பித்து, மாணவர்களோடு சேர்ந்து நூல்களைத் தமிழாக்கினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று தமிழில் மருத்துவ நூல்கள் அச்சேறின. அங்கிருந்து உடுவில் கிட்டத்தான். 1824 இல் அங்கே பெண் பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கியபோது, பெண் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்ட ஊர் இது. இன்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களைப் பார்த்தால் பதில் தெரியும். பெண்களின் கல்விக்கும் இந்த மண்ணில் ஒரு போராட்டம் நடந்தது. அதன் களங்களையும் நாம் பார்த்தோம்.

முதல் நாள் மாலை ஊர்காவற்றுறை. கடலுக்குள் தனியே நிற்கும் கடற்கோட்டையைக் கரையிலிருந்து பார்த்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பன்றித் தொடையாகக் கற்பனை செய்து, அதன் குதிக்கால் என்று பொருள்படும் ஹமன்ஹீல் என்ற பெயரை வைத்தவர்கள் ஒல்லாந்தர். 1658 இல் அதற்குள் இருந்த போர்த்துக்கேயரைப் பணிய வைத்தது குடிநீர் இல்லாமற் போனதே. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. தீவுப்பகுதிப் பிள்ளைகள் தண்ணீர்ப் பவுசருக்குக் குடத்தோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்த எமக்கு அந்த முற்றுகை நன்றாகவே விளங்கும். 1971 கிளர்ச்சியின் பின் தெற்கு இளைஞர்களை அடைத்து வைத்த சிறையும் அதுவே. இன்று கடற்படையினர் அதை விடுதியாக நடத்துகின்றனர்.

இரண்டாம் நாள், நோகும் இடத்துக்குப் போனோம்.

செம்மணி வெளியில் பஸ்ஸை நிறுத்தினோம். யாழ்ப்பாணத்துக்கு வருபவர்களை வரவேற்கும் வளைவு அங்கேதான் இருக்கிறது. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி, உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிய மாணவி ஒருத்தி அந்தச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள். அவளைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. அவள் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் தெரியாதவர் இல்லை. அவள் எமது வயதினள். அதே வினாத்தாள், அதே சைக்கிள், அதே வெள்ளைச் சீருடை. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய் ஒருவர் 1998 இல் சொன்ன வாக்குமூலத்திலிருந்தே செம்மணிப் புதைகுழிகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2025 இல் அருகேயுள்ள சிந்துபாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிறு பிள்ளை ஒன்றின் எச்சங்களோடு நீல நிறப் புத்தகப்பை ஒன்றும் கிடைத்தது. உடற்கூற்றியல் படித்த நாங்கள் எலும்பைப் பார்த்து வயதைச் சொல்லப் பழகியவர்கள். பையைப் பார்த்தால் அதற்குப் படிப்புத் தேவையில்லை. எந்தத் தாயும் சொல்லிவிடுவாள்.

செம்மணியில் யாரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவுமில்லை. பிள்ளைகள் தாமாகவே போனைப் பைக்குள் வைத்தார்கள்.

நாவற்குழிப் பாலத்தில் இறங்கி நடந்தோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கானோர் இந்த வழியால் போனார்கள். மழை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள். கால் வைக்க இடமில்லை. சைக்கிளில் கட்டிய மூட்டை, மூட்டைக்கு மேலே அம்மம்மா, கையில் புத்தகப்பை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எங்களில் பலர் நகையை விட்டுவிட்டுக் குறிப்புக் கொப்பிகளை எடுத்துக்கொண்டு வந்தோம். ஜாம் போத்தல் விளக்கில் கண் எரிய எழுதிய கொப்பிகள் அல்லவா! பஸ்ஸில் ஐந்து நிமிடத்தில் கடக்கும் பாலத்தை அன்று கடக்க இரவு முழுதும் வேண்டியிருந்தது. அதைப் பிள்ளைகள் நம்பவில்லை. நம்பாததில் பிழையில்லை. நடந்து பார்த்த பின் ஒரு பிள்ளை, "அம்மா, நீங்கள் பயந்தனீங்களா?" என்று கேட்டாள். முப்பது வருடமாக அந்தத் தாயிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். பிறகு முழுவதையும் சொன்னாள். இந்தப் பாதையை ஒழுங்கு செய்தது சரியா, பிழையா என்ற வாதம் எங்களைப் பொறுத்தவரை அந்தப் பாலத்திலேயே முடிந்துவிட்டது.

கிளாலிப் பக்கம் திரும்பினோம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த காலத்தில், பல்கலைக்கழகத்துக்கோ கொழும்புக்கோ போக வேண்டியவர்கள் இரவில் படகேறிக் கடல்நீரேரியைக் கடந்தது இங்கிருந்தே. எமக்கு மூத்த அக்காமார் பலர் அப்படிப் போய்ப் படித்தவர்கள். கடந்தவர்களும் உண்டு, கரைசேராதவர்களும் உண்டு.

முகமாலை. 2000 முதல் போரின் இறுதிக் கட்டம் வரை முன்னரங்கு இங்கேதான் இருந்தது. உலகிலேயே மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. சிவப்புப் பலகைக்கு இப்பால் வீதி, அப்பால் மரணம் என்றிருந்த இடம். வெயிலில் தலைக்கவசம் போட்டு, மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக மண்ணைச் சுரண்டி வெடி எடுப்பவர்களில் கணிசமானோர் பெண்கள், குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள். எமது கிளினிக்குகளுக்குக் கால் இழந்தவர்கள் வருகிறார்கள். உடம்புக்குள் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் வருகிறார்கள். அந்தத் துண்டு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் தயங்கி நிற்கும் நாட்கள் இன்றும் உண்டு. போர் 2009 இல் முடிந்தது என்று வரலாறு எழுதும். எக்ஸ்ரே படத்தில் அது இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது.

கடைசியாக ஆனையிறவு. வன்னிக் காட்டு யானைகளை ஏற்றுமதிக்காகக் குடாநாட்டுக்கு நடத்தி வந்த ஆழமற்ற கழிமுகம் இது. பெயரும் அதனாலேயே வந்தது. இந்த ஒடுங்கிய நிலத்தை வைத்திருப்பவரே குடாநாட்டை வைத்திருப்பவர் என்பதை ஒல்லாந்தரும் அறிவர், பின்வந்த எல்லோரும் அறிவர். 1991 இல் பெருஞ்சமர். 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பவும் கைப்பற்றியது. 1991 இல் புலிகளின் கவச வாகனத்தைத் தடுத்து உயிர்விட்ட சிப்பாயின் நினைவாக அந்த வாகனம் வீதியோரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கிலிருந்து பஸ்களில் வருவோர் அங்கே இறங்கி வணங்குகின்றனர். அவர்களுள் ஒரு வயதான தாய் எமக்குப் பக்கத்தில் நின்றார். மொழி பெரிதாக ஓடவில்லை. எம்மில் ஒருத்தி கொழும்பில் வேலை செய்தவள், சிங்களத்தில் கதைத்தாள். அவருடைய மகனும் 2000 இல் இந்த இடத்தில்தான் காணாமற் போனவராம். தண்ணீர்ப் போத்தலை நீட்டினோம், வாங்கிக் குடித்தார்.

அங்கே அவருடைய மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே உப்பு வெளியில் விழுந்த எமது வகுப்புத் தோழிகளுக்கு இல்லை. இயக்கத்துக்குப் போனவர்களைப் பற்றி இந்த மண்டபத்தில் பல கருத்துகள் இருக்கும். விரும்பிப் போனவர்களும் உண்டு, பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கருத்துகளைத் தீர்ப்பதற்கு இது இடமல்ல. ஆனால் அவர்கள் எமது வாங்கில் பக்கத்தில் இருந்து கணக்குப் போட்டவர்கள். அவர்கள் துயின்ற இல்லங்கள் போருக்குப் பின் இடிக்கப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே படைமுகாம் எழுந்தது. அழுவதற்கு ஓர் இடம் இல்லாத தாய்மார் எமது கிளினிக்குகளுக்கு நெஞ்சு நோவென்று வருகிறார்கள். ஈ.சி.ஜி. சரியாக இருக்கும். மருந்துச் சீட்டில் என்ன எழுதுவது என்று நாங்கள் பேனையோடு இருப்போம்.

முள்ளிவாய்க்காலுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். அதைச் சுற்றுலாப் பட்டியலில் போட எமக்கு மனம் வரவில்லை. அங்கே போக விரும்புபவர்கள் மே 18 அன்று, கஞ்சி வாங்கிக் குடிக்கப் போங்கள். செத்த வீட்டுக்குப் போவதுபோலப் போங்கள். எமது ஊர் வழக்கில் செத்த வீட்டிலிருந்து எழும்பும்போது "போயிட்டு வாறம்" என்று சொல்வதில்லை. பேசாமல் எழும்பி வருவோம். அந்தப் பழக்கம் எல்லாப் போர்க்களங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறோம். "திரும்பி வாறம்" என்று எந்தப் போர்க்களத்துக்கும் சொல்லாதிருப்போம்.

இனி, இந்தப் பாதையில் அடுத்து நடக்கப் போகிறவர்களுக்காகச் சில சொற்கள். வெயிலுக்கு முன் புறப்படுங்கள். தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். இது வைத்தியரின் அறிவுரை. ஓர் இடத்தில் இறங்க மனமில்லாதவர் பஸ்ஸிலேயே இருக்கலாம், ஏனென்று யாரும் கேட்கக்கூடாது. அங்கே வாழ்ந்தவர் பக்கத்தில் இருந்தால் வழிகாட்டி பேசாமல் இருக்கட்டும், அவர் சொல்லட்டும். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும் சொல்லுங்கள். எந்தப் பக்கத்துப் பிணத்தின் மீதும் நின்று படம் எடுக்காதீர்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். உங்களிடம் பகையை ஒப்படைக்க நாங்கள் இந்த இடங்களைக் காட்டவில்லை. உங்கள் அம்மா ஏன் பட்டாசுச் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடுகிறாள், ஏன் பாணின் ஓரத்தைக்கூட எறிய விடமாட்டாள், ஏன் சான்றிதழ்களையெல்லாம் ஒரே பைக்குள் கட்டி வாசலுக்குக் கிட்ட வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே காட்டினோம்.

நிறைவாக, சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அதிபர் அவர்களின் அனுமதியோடு பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளைப் பார்த்தோம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விலகிய திகதிக்கும் காரணத்துக்கும் ஒரு நிரல் உண்டு. 1990 க்கும் 1996 க்கும் இடைப்பட்ட பக்கங்களில் அந்த நிரல் பல பெயர்களுக்கு வெறுமையாகவே இருக்கிறது. வெளிநாடு போனாளா, இடம்பெயர்ந்து வேறு பாடசாலையில் சேர்ந்தாளா, புத்தளம் முகாமில் இருந்தாளா, இயக்கத்துக்குப் போனாளா, ஷெல்லில் போனாளா, கிளாலிக் கடலில் போனாளா, எதுவும் எழுதப்படவில்லை. எழுத அன்று ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. கோட்டைகளைத் திருத்த வெளிநாட்டு அரசுகள் உதவும். இந்த நிரலை நிரப்ப எம்மைத் தவிர யாரும் வரமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்த நாம் இன்னும் உயிரோடு இருக்கிறோம். அவர்களுக்குப் படிப்பித்த ஆசிரியைகள் சிலரும் இருக்கிறார்கள். இன்னும் இருபது வருடத்தில் இதைச் செய்ய முடியாது.

ரொறன்ரோ, லண்டன், சிட்னி, கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு, எங்கிருந்தாலும் இந்த மலரை வாசிக்கும் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். உங்கள் வகுப்பு, வருடம், உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவள் பெயர், அவளை நீங்கள் கடைசியாகக் கண்ட இடம். அவ்வளவு போதும். அவள் உயிரோடு இருந்தால் அவளைக் கேட்டு, அவள் சம்மதித்தால் எழுதுவோம். இல்லையென்றால் அவள் வீட்டாரைக் கேட்டு எழுதுவோம். யாருக்கும் பட்டம் வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். பெயரும் திகதியும் இருந்தால் போதும். அடுத்த நூற்றாண்டு விழாவுக்கு வரும் பிள்ளைகள் கோட்டை பார்க்கப் போகும் முன் பாடசாலை அலுவலகத்தில் அந்த இடாப்பைத் திறந்து பார்க்கட்டும். எமது மரபுரிமைப் பாதை தொடங்க வேண்டிய இடம் அதுவே.